முள் பதினைந்தில் நின்ற நாள்

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொச்சியில் படகு கட்டுகிற அந்த யார்டுக்காரர்கள், அங்கேயே பெட்டி அடுக்குகிற வேலையில் கிடக்கிற உன்னைக் கூப்பிட்டு, புதுப் படகுகளின் டீசல் லைன் வேலை முழுவதையும் உன் பொறுப்பில் விடுகிறோம், வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். நீ முடியாது என்று சொல்லப் போகிறாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "என் கையில எனக்கே நம்பிக்கை இல்லம்மா. சூசையண்ணன் போட்ல நடந்தது மறந்து போச்சா? எட்டுப் பேரு போயிருப்பானுவ" என்றாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குளச்சல் துறைமுகச் சாலையில் இருபத்தெட்டு வருஷமாகப் படகு உதிரிப்பாகக் கடை நடத்துகிறவள், எப்படிப்பட்ட டிரைவர் வந்து கத்தினாலும் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள், பெற்ற பிள்ளையிடம் வாயடைத்துப் போனேன்.

வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் அம்மா பேசி அனுப்புவதையெல்லாம் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் அக்கா காட்டிக் கொடுத்துவிட்டாள். இதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கக் கூடாது. அதனால்தான் பில் புத்தகத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் தாளைக் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் போய்விடும். சூசையண்ணன் படகில் நடந்ததில் உன் தப்பு ஒரு கடுகளவும் இல்லை. தப்பு என்னுடையது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். இதைப் படித்ததும் காகிதத்தைக் கசக்கி எறியத் தோன்றும். எறியாதே. எறிவதானாலும் முழுவதும் படித்துவிட்டு எறி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நான் மார்த்தாண்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ரப்பர் மரத்தைத் தவிர வேறெதையும் அருகில் பார்த்ததில்லை. கடலைப் பார்த்தாலே தலை சுற்றும். உன் அப்பா கடையைத் தொடங்கிய மூன்றாம் வருஷம் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினார். கடையையும் உங்கள் இரண்டு பேரையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஓ-ரிங் எது, வளையல் எது என்று தெரியாத காலம். அப்போது ஒரு படகு டிரைவர், டீசலை வடிகட்டுகிற பில்டர் ஒன்றைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து என் கணக்கு நோட்டின் மேலேயே வைத்து, "அக்கா, போலி சாதனத்த விக்கியளே, கர்த்தருக்கே அடுக்குமா?" என்று கேட்டார். சபையில் பாட்டுப் பாடுகிறவள் நான், என்னிடம் கர்த்தரை இழுத்தால் விடுவேனா? "வாரும், உம்ம போட்டுக்கே வாறேன், எது போலின்னு பாத்திரலாம்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எஞ்சின் அறைக்குள் இறங்கியதும் டீசல் நாற்றத்தில் வாந்தி எடுத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடிக்குள் இருக்கிற முள்ளை முதன்முதலாகப் பார்த்தேன். வேக்குவம் மீட்டர். எதற்கு இருக்கிறது என்று கேட்டால், அந்த டிரைவருக்கும் தெரியவில்லை. "கம்பெனிக்காரன் அழகுக்கு வச்சிருக்கான்" என்றார்.

அழகுக்கு இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வருகிற ஒவ்வொருவரையும் நோண்டி நோண்டிக் கேட்டேன். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது வழுக்கை வந்து அடைத்துக்கொண்டால் கன்னம் உள்ளே குழியுமே, அந்தக் குழிவைத்தான் முள் காட்டுகிறது. எஞ்சின் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. நடுவில் பில்டர், பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மீட்டர். எஞ்சின் எவ்வளவு சிரமப்பட்டு உறிஞ்சுகிறதோ முள் அவ்வளவு ஏறும். இது புரிந்தபிறகு நான் பிடித்த பிடி உனக்குத் தெரியுமே. புது பில்டர் வாங்குகிற எவனையும் சும்மா விடமாட்டேன். கடலுக்குள் போய் முழு வேகத்தில் ஓட்டும்போது முள் எங்கே நிற்கிறதோ, அங்கே கண்ணாடி மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொண்டுவா என்பேன். உன் அக்காவின் நகப்பூச்சு பாட்டில் எத்தனை கடலுக்குப் போயிற்று! அந்தக் கோட்டிலிருந்து ஐந்து ஏறினால் பில்டரை மாற்று, பத்தைத் தொட்டால் கரையை விட்டே கிளம்பாதே என்று சொல்லி அனுப்புவேன். கரையில் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் எஞ்சினில் முள்ளைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வருகிறவனை, "நடக்காதவனுக்கு மூச்சு வாங்குமாவே? ஓட்டிப் பாத்துட்டு வாரும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தோணி டிரைவர் நினைவிருக்கிறாரா, எப்போதும் கழுத்தில் சிவப்புத் துண்டு போட்டிருப்பாரே? "அக்கா, நம்ம மீட்டர் ரெண்டு மாசமா பூச்சியத்துல நிக்கி. முள்ளு அனங்கல்ல. நம்ம டீசல் அப்படி சுத்தம், கேட்டியளா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி பெருமை அடித்தார். எனக்கும் சந்தோஷம்தான், நான் விற்ற பில்டர் அல்லவா. நீதான் அப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்து கடையில் நின்றாய். "அண்ணே, ஒருக்க தொறந்து பாத்திருவோம்" என்று அவருடனே போனாய். திறந்தால் உள்ளே பில்டரே இல்லை. அடைத்துக்கொள்கிறது என்று எடுத்துத் தூர எறிந்துவிட்டு வெறும் கூட்டை மாட்டி ஓட்டியிருக்கிறார் மனுஷன். "இழுக்கதுக்கு ஒண்ணும் இல்லன்னா முள்ளு எதுக்குண்ணே ஏறப்போவு?" என்று நீ கேட்டாயாம். அன்றைக்கு அவர் என்னிடம் வந்து, "உம்ம மவன் உம்மள மிஞ்சிட்டான்" என்றார். நான் வெளியே முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்து போனேன். இதையும் உன்னிடம் சொன்னதில்லை. நல்லதைச் சொல்லுவதில் நான் மகா கஞ்சம், அது என் குணக்கேடு.

நீ என்னை மிஞ்சினாய் என்பதுதான் உண்மை. முள் ஏறினால் பில்டரை மாற்று என்று நான் எல்லோருக்கும் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது, நீ ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய்: "அம்மா, முள்ளு எவ்வளவு கஷ்டம்னுதான் சொல்லும், எதனாலன்னு சொல்லாது. பில்டருக்கு முன்னால இருக்கது அம்புட்டையும் பாக்கணும். டேங்குல குழாய் வாய் அடச்சிருக்கலாம், வால்வு பாதி மூடியிருக்கலாம், ஹோஸ் மடங்கியிருக்கலாம். டேங்குக்கு காத்து போற குழாய் அடச்சிருந்தாலும் முள்ளு ஏறும். டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்கு காத்து போவாண்டாமா?" நான் என்ன சொன்னேன்? "பில்டர் விக்கிற கடையில இருந்துக்கிட்டு பில்டர மாத்தாண்டாம்னு சொல்லுதியா? மீன எடுத்துத் தின்னுட்டுப் போலே" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வரும்போது எனக்கு அழுகைதான் வருகிறது.

இனி சூசையண்ணன் படகு. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம். இரண்டு மாதம் கரையில் கிடந்த படகுக்கு அவர் புதிதாகப் பெயிண்ட் அடித்து, புது பில்டரும் மீட்டரும் நம் கடையில் வாங்கினார். மாட்டிக் கொடுத்தது நீ. மூன்று நாள் அந்த எஞ்சின் அறையில் கிடந்தாய். ஓட்டிப் பார்த்து நகப்பூச்சுக் கோடும் நீயே போட்டாய். கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் படகை ஆசீர்வதிக்கிற மந்திரிப்பு. நாம் வேறு சபை என்றாலும் கடைக்காரி என்று மரியாதையாக வந்து கூப்பிட்டார்கள். நானும் உன் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு, அன்பளிப்பாக நாலு பில்டரை நம் கடைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நல்ல மழை. படகு முழுக்கத் தோரணமும் கொடியும் மாலையும். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அதன்பிறகு சின்னப் பிள்ளைகள் வாளி வாளியாகத் தண்ணீரை மேல்தளத்தில் ஊற்றி விளையாடினார்கள்.

அப்போது பின்பக்கம் டேங்கின் காற்றுக்குழாயைப் பார்த்தேன். வாய் கீழே பார்த்து வளைந்திருக்க வேண்டியது, பெயிண்ட் அடிக்க வந்தவன் எவனோ மிதித்ததில் நிமிர்ந்து, மழைக்கு வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பதறிக்கொண்டு வெப்ராளம் வந்துவிட்டது. டீசலுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் அல்லவா? யாரையாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம், நீ கரையில்தான் நின்றாய். நமக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு விடுமா? நாலு பில்டரையும் வெளியே எடுத்துவிட்டு, அந்தத் தடித்த நீலக் கவரைக் குழாய் வாயில் கவிழ்த்து, தலையில் போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கொடிக்கயிறு ஒன்று அதன் மேல் சரிந்தது. சூசையண்ணன் மனைவி வந்து, "அக்கா, பட்டு நல்ல எடுப்பு, எஞ்ச எடுத்திய?" என்று கேட்டாள். பட்டு பற்றிப் பேசினோம், பாயசம் குடித்தோம், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கவரை மறந்தே போனேன். மறுநாள் விடியும்போது படகு எட்டுப் பேரோடு போயிற்று.

அதற்கு மறுநாள் காலையில் இன்னொரு படகு அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்குள் எஞ்சின் நின்றுவிட்டதாம். அலை பெரிதாக இருந்த நாள். நாலு தடவை பில்டர் மாற்றியிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஓடி நின்றிருக்கிறது. ஐந்தாவதாக மாற்றுவதற்கு பில்டர் இல்லை. நீரோட்டம் பாறைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்றாம், நங்கூரம் பிடித்ததால் தப்பினார்கள். சூசையண்ணனும் டிரைவரும் நேரே நம் கடைக்குத்தான் வந்தார்கள், பின்னாலேயே பாதித் துறைமுகம் வந்தது. கழற்றிய நாலு பில்டரையும் கவுண்டரில் வரிசையாக வைத்தார்கள்.

"அக்கா, எட்டுப் பேரு உசிரு உங்க சாதனத்துல தொங்கிச்சு. பில்டர் போலியா, மீட்டர் போலியா? இப்பம் எனக்குத் தெரியணும்" என்றார் சூசையண்ணன்.

நீ ஒரு பில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். புதிது மாதிரி வெளுப்பாக இருந்தது. நீ டிரைவரிடம், "அண்ணே, முள்ளு எதுல நின்னுது?" என்று கேட்டாய்.

"பதினஞ்சு. கண்ணு முன்னாலயே ஏறிச்சு மக்கா."

"பில்டர் மாத்துனதும்?"

"எறங்கிச்சு. கொஞ்ச நேரம் நல்லா ஓடும், பொறவு பழையபடி ஏறும்."

"மாத்தும்போ டேங்க் மூடிய தொறந்தியளா?"

"தொறக்காம பின்ன? பில்டர் கூட்டுல ஊத்த டீசல் கோரணும்லா. தொறக்கும்போ உஸ்ஸுன்னு ஒரு சத்தம். டேங்கு வேற டொம்மு டொம்முன்னு அடிச்சிது."

உன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். என் பக்கம் திரும்பி, "அம்மா, பில்டர்ல ஒண்ணும் இல்ல. டேங்குக்கு காத்து போவல்ல. மூடிய தொறந்ததுனாலயாக்கும் ஓடிச்சு, பில்டர் மாத்துனதுனால இல்ல. நான் போட்ல ஏறி ஒண்ணு பாத்துட்டு வாறேன்" என்றாய்.

நீ 'காற்று' என்று சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு நீலக் கவர் ஞாபகம் வந்தது மக்கா. கடைப் பெயர் பெரிதாக அச்சடித்த கவர். நீ படகில் ஏறினால் அதை எடுத்துக்கொண்டு இறங்குவாய். பாதித் துறைமுகம் பார்க்கும். எட்டுப் பேரைக் கொல்லப் பார்த்தவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். யோசிக்க எனக்கு நேரமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பொய். யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன்: "நீ எஞ்சயும் போவாண்டாம். கிளாம்ப ஒழுங்கா முறுக்காம வந்துட்டு இப்பம் டேங்க குத்தம் சொல்லுதியா? சூசையண்ணே, என் சாதனத்துல ஒரு குறையும் இல்ல. இவன் கை வேலையாக்கும் சரியில்லாதது."

ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற அந்தக் கிளாம்ப் தளர்ந்தால் என்ன நடக்கும் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், உனக்கும் எனக்கும். கிளாம்ப் தளர்ந்தால் லைனுக்குள் காற்று இழுக்கும், எஞ்சின் திக்கித் திணறும், ஆனால் முள் இறங்கிக் கிடக்கும். பதினைந்துக்கு ஏறவே ஏறாது. டிரைவர் 'பதினஞ்சு' என்று சொன்னபோதே உன் கிளாம்ப் தப்பித்துவிட்டது. அந்த முள் உனக்காகச் சாட்சி சொன்னது, அதைப் படிக்கத் தெரிந்த பெற்ற தாய் வாயை மூடிக்கொண்டாள். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் இப்போது திருத்திச் சொல்லுவேன் என்று காத்திருந்தாய், அது எனக்குத் தெரிந்தது. சூசையண்ணன் உன்னைச் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார். நீ எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாயோ, இல்லை மனசு விட்டுப் போய்விட்டதோ, ஸ்பானரைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனாய்.

மத்தியானம் படகுக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் துறைமுகத்துக்குப் போனேன். விட்டுப்போன பாத்திரம் எடுக்க வந்தேன் என்று காவலுக்கு இருந்தவரிடம் சொன்னேன். கொடிக்கயிற்றை விலக்கிப் பார்த்தால், கவர் குழாய் வாய்க்குள் உறிஞ்சப்பட்டு வழுவழு என்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்து, கைப்பைக்குள் திணித்து, வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டு எரித்தேன். அந்த நாற்றம் இரண்டு நாள் அடுக்களையில் நின்றது. நீ "என்னம்மா நாத்தம்?" என்று கேட்டாய். "சவத்தெளவு, பால்கவர் தீயில விழுந்துட்டு" என்றேன். அதற்குப் பிறகு சூசையண்ணன் வேறு மெக்கானிக்கை வைத்து ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக மாட்டினார். படகு அருமையாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? அடைப்புதான் போய்விட்டதே. ஆனால் ஊர் என்ன சொல்லிற்று? பழைய வேலை மோசம், புது வேலை நல்லது என்று சொல்லிற்று. நாளாக நாளாக நீயும் அதை நம்பினாய். எங்கேயோ ஹோஸை மடக்கி வைத்துவிட்டோமோ என்று உனக்கே சந்தேகம் வந்து, இந்த வேலையே வேண்டாம் என்று கொச்சிக்குப் போய்விட்டாய். ஹோஸ் மடங்கவில்லை. நீ மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. இதை நூறு தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

உன் அப்பா மட்டும் மஸ்கட்டிலிருந்து ஒரு தடவை போனில், "பதினஞ்சுல நின்னுதுன்னா கிளாம்ப் எப்படி குத்தமாவும்?" என்று கேட்டார். "அங்ஙன ஏசியில இருந்துக்கிட்டு எனக்கு பாடம் எடுக்காண்டாம்" என்று கத்தினேன். மனுஷன் அதோடு விட்டுவிட்டார். இப்போது ஊரோடு வந்து வீட்டில் இருக்கிறாரே, அவரிடமும் முந்தாநாள்தான் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு, "அவனுக்கிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன?" என்றார்.

உனக்குத் தெரியவேண்டிய இன்னொன்று இருக்கிறது. உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னால் அது பாதிதான். ஊர் கூட்டத்தில் உன்னைக் குற்றம் சொன்னவள், ஊர் கூட்டத்தில்தான் எடுத்துச் சொல்லவேண்டும். நேற்றுக் காலையில் துறைமுகத்துக்குப் போனேன். சூசையண்ணன் பத்துப் பேரோடு உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்தார். "அண்ணே, ஆறு வருஷத்துக்கு முன்ன உம்ம போட் நின்னதுக்கு என் மவன் காரணமில்ல. நானாக்கும்" என்று தொடங்கி, கவர் கட்டியது முதல் எரித்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருவர் கையும் ஓடவில்லை. அன்றைக்குப் படகிலிருந்த இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள், அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இப்பம் எதுக்குக்கா வந்து சொல்லுதிய? நாங்க மறந்தே போனோம்" என்றார் சூசையண்ணன்.

"நீங்க மறந்திய. அவன் மறக்கல்லண்ணே. அவன் கையை அவனே நம்பாம கொச்சியில பெட்டி அடுக்கிட்டு இருக்கான்."

அவர் வலையைக் கீழே வைத்தார். "மழைக்கு நீங்க மூடுன கவருக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல. அது யாருக்கும் வரும். அந்தப் பயல் போட்ல ஏறிப் பாக்கேன்னு சொன்னாம்லா? ஏற விட்டிருந்தா அஞ்சு நிமிசம். நான் அவன் முகத்துக்கு நேரா என்னெல்லாம் சொன்னேன்! இனிம உங்க கடை நடையில நான் ஏற மாட்டேன்க்கா. அவன் நம்பர மட்டும் தாங்க" என்றார். கொடுத்தேன். அவர் கூப்பிட்டால் எடு. முரட்டு மனுஷன், மன்னிப்பு கேட்க வராது, வானிலை பற்றிப் பேசுவார். நீயே புரிந்துகொள்.

இன்றைக்குக் காலையிலிருந்து கடைக்கு இரண்டே பேர் வந்தார்கள். விஷயம் துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது. பரவட்டும். நான் இதில் தோற்றுப் போய்விடுவேன் என்று நினைத்துப் பரிதாபப்படாதே, எனக்குப் பரிதாபம் பிடிக்காது. பில்டர் பற்றி எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும், வருகிறவர்கள் வருவார்கள். நீ திரும்பி வந்து கடையைப் பார்க்கவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. எனக்காக நீ ஒன்றும் செய்யவேண்டாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுகிறேன். அந்த யார்டு வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல். சம்பளம் போதாது, மேஸ்திரி சரியில்லை, கொச்சி மழை ஒத்துக்கொள்ளவில்லை, எதை வேண்டுமானாலும் சொல். உன் கை சரியில்லை என்று மட்டும் சொல்லாதே. அது நீ கண்டுபிடித்தது இல்லை, நான் உன் மேல் ஒட்டவைத்த பொய். உன்னைப்போல ஒரு ஆள் அந்தப் படகுகளுக்கு வேண்டும். முள் ஏறியதும் கைக்குக் கிடைத்ததை மாற்றிவிட்டு யாரையாவது குற்றம் சொல்லுகிற ஆட்கள் என்னைப்போல நிறைய உண்டு. காரணத்தைப் போய் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுகிறவன் அபூர்வம். ஒருநாள் உனக்குக் கீழே வேலை செய்கிறவன் தப்புச் செய்வான், அல்லது நீயே செய்வாய், நாலு பேர் வந்து சட்டையைப் பிடிப்பார்கள். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள். நான் செய்ததைச் செய்யாதே. தப்பு செய்ததைவிட, அதை மூட உன்னைப் பிடித்துத் தள்ளியதுதான் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

என்னை மன்னித்துவிடு என்று எழுதவேண்டும் என உட்கார்ந்தபோதே நினைத்தேன். எழுதிவிட்டேன். உடனே மன்னிக்க வேண்டாம். உன் கோபம் தீரும்வரை போன் பண்ணித் திட்டு. அடுப்பில் பால் இருக்கிறது என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன், நீ முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் பண்ணு.

அன்றைக்குக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை நேற்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். நீ அங்கே நின்று கேட்கவில்லையே என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்:

"சூசையண்ணே, என் மவன் சொல்லுறது சரியாக்கும். அவன போட்ல ஏற விடுங்க."

அம்மா